பெரியதுதானே ஃபோசா?

நான் செய்த ஒரு தப்பை ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். அதனால் அவருக்கு வேலை போனது. தெரியாமல் செய்ததல்ல. தப்பு என்னுடையது என்று முந்தைய நாள் மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், மூன்று பேர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னேன்.

இப்போது எனக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். விலங்கியல் பேராசிரியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இதை எழுதும்போது வெட்கம் வருகிறது. அதைவிட அதிகமாகப் பெருமை வருகிறது. பெருமை என்னைப் பற்றியதல்ல. போகப் போகத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் அம்பத்தூர் எஸ்டேட் என்ற தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடங்களில் சுவரில் மாட்டும் சார்ட்டுகளை அடிக்கும் அச்சகம் அது. காய்கறிகள், தேசத் தலைவர்கள், உடல் உறுப்புகள் என்று வழக்கமாக வருபவைதான். ஒரு சமயம் முகப்பேரில் ஒரு பெரிய தனியார் பள்ளி புதிதாக ஒன்று கேட்டது. உலகத் தீவுகளும் அவற்றின் விலங்குகளும் என்று பன்னிரண்டு சார்ட்டுகள் வேண்டும், தாழ்வாரம் முழுக்க மாட்ட வேண்டும் என்றார்கள். படம் தேர்ந்தெடுப்பதும் வாசகம் எழுதுவதும் என் பொறுப்பு. ஒவ்வொரு சார்ட்டின் கீழேயும் என் பெயரும் பட்டங்களும் வரும் என்று முதலாளி சொன்னார். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று இன்று சொல்லலாம்.

கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்தவர் அந்தப் பெண். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். குத்தம்பாக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் கழனி வேலை செய்தவர்கள். நிலமெல்லாம் மனையாகப் போன பிறகு அப்பா எஸ்டேட்டில் காவலாளி ஆனார். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பூந்தமல்லியில் ஆறு மாதம் டிடிபி கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவர். தட்டச்சில் பிழை வராது. என் கையெழுத்தில் நான் விட்ட ஒற்றுகளைக்கூடச் சேர்த்துவிட்டு, சேர்த்த இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்து அனுப்புவார். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நன்றி சொன்னதில்லை.

எட்டாவது சார்ட் மடகாஸ்கர்.

அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது, நாய் கிடையாது, கரடி கிடையாது. ஊனுண்ணிகள் எல்லாம் ஒரே குடும்பம். எப்போதோ ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மிதந்து வந்து சேர்ந்த, கீரி போன்ற ஒரு மூதாதையின் பேரப்பிள்ளைகள். அதில் ஒரு கிளை கீரியாகவே இருந்துவிட்டது. ஒரு கிளை நரி முகம் எடுத்தது. ஒன்று மட்டும் வளர்ந்து, உடம்பு நீண்டு, பார்த்தால் சிறுத்தைக் குட்டியோ என்று நினைக்கும்படி ஆகிவிட்டது. அதுதான் ஃபோசா. செம்பழுப்பு நிறம், உடம்பளவுக்கு வால், நகத்தைப் பாதி உள்ளே இழுத்துக்கொள்ளும், மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும், குரங்கு மாதிரியான லெமூரைத் துரத்திப் பிடிக்கும். பூனை பார்க்க வேண்டிய வேலையை அங்கே கீரி வம்சம் பார்க்கிறது. இந்த விலங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வகுப்பில் மணியடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

அப்படிப்பட்ட நான்தான் அதை மாற்றிப் போட்டேன்.

நடந்தது இதுதான். ஃபோசா என்பது அந்தத் தீவின் மக்கள் அந்தப் பெரிய விலங்குக்கு வைத்த பெயர். ஆனால் பழைய காலத்தில் ஏதோ குழப்பத்தில், அதே பெயரை அதே குடும்பத்தின் வேறொரு சின்ன விலங்குக்கு அறிவியல் பெயராக வைத்துவிட்டார்கள். அது வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். உடம்பில் வரிசையாகப் புள்ளி. தவளை, நண்டு, புழு தின்னும். அந்த ஊரில் அதை ஃபனலோக்கா என்பார்கள். புத்தகத்தில் மட்டும் அதன் பெயர் ஃபோசா. பெரியதன் அறிவியல் பெயரோ முற்றிலும் வேறு.

முப்பது வருடம் மாணவர்களுக்கு நான் சொன்ன பாடம், ஊர்ப்பெயரை நம்பாதே என்பது. “மரநாய் நாயா? கடல்குதிரை குதிரையா? லத்தீன் பெயரைப் பார்!” என்று மேசையைத் தட்டுவேன். அச்சகத்தில் இருந்த படத்தட்டில், அதாவது விலங்குப் படங்கள் அடங்கிய சிடியில், இரண்டு விலங்கின் படமும் இருந்தன. பெரியதற்கு ஃபோசா என்று ஊர்ப்பெயர் போட்டிருந்தது. சின்னதற்கு ஃபனலோக்கா என்று போட்டு, கீழே சாய்வெழுத்தில் லத்தீன் பெயராக ஃபோசா என்று இருந்தது. நான் சாய்வெழுத்தைப் பார்த்தேன். படத்தட்டு செய்தவர்கள் மடையர்கள், பெயரை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். புத்தகத்தை எடுத்துப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

பிழை பார்ப்பதற்கான முதல் புரூஃப் வந்தபோது அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது. வட்டமான, நிதானமான கையெழுத்து.

“சார், பெரியது தானே ஃபோசா? பெயர் மாறியுள்ளதா, பார்க்கவும்.”

நேரே அவர் மேசைக்குப் போனேன்.

“என்னம்மா கேள்வி இது?”

“இல்ல சார், நீங்க எழுதிக் குடுத்ததுல இன்னா கீது? தீவுலயே பெரிய மிருகம், லெமூரை அடிச்சித் தின்னும்னு கீது. இந்தப் புள்ளி போட்டது தம்மாத்தூண்டு கீது. இது எங்கருந்து சார் அடிக்கும்? அதுவே அடி வாங்கும் போலக் கீது.”

பக்கத்தில் பைண்டிங் செய்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப் பட்டது.

“படம் ஒட்டுவது உன் வேலை. பேர் வைப்பது என் வேலை. எத்தனை வருடம் படித்தாய் நீ விலங்கியல்?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நான் எழுதிக் கொடுத்தபடியே விட்டார். சின்னப் புள்ளி விலங்கு சார்ட்டின் நடுவில் பெரிதாகப் போய் உட்கார்ந்தது. “மடகாஸ்கரின் மிகப் பெரிய ஊனுண்ணி” என்று அதன் கீழே கொட்டை எழுத்து. நிஜ ஃபோசா மூலையில் தீப்பெட்டி அளவு சுருங்கி, “தவளையும் மண்புழுவும் தின்னும்” என்ற அவமானத்தோடு நின்றது. அடுத்த புரூஃபில் நான் கையெழுத்துப் போட்டேன். முதல் புரூஃபை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் பெயர் அச்சான எந்தத் தாளையும் நான் விடுவதில்லை.

சார்ட் பள்ளியில் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு குழந்தையின் அப்பா, ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர், சார்ட்டின் படத்தையும் சரியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். பள்ளி அச்சகத்தைப் பிடித்தது. முதலாளி எனக்குப் போன் செய்து, நாளை காலை வாருங்கள் என்றார். அன்று மாலைதான் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். இரண்டு பக்கம் போதுமானதாக இருந்தது. அந்தப் பெண் கேட்டதுதான் சரி.

மறுநாள் முதலாளியின் அறையில் பள்ளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர், நான், அந்தப் பெண்.

“சார், எப்படி இது?” என்றார் முதலாளி.

“நான் பார்த்த புரூஃபில் சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் படம் மாறியிருக்கிறது” என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன், நினைவுபடுத்தினால் சரியாகிவிடும் என்பதுபோல.

“புரூஃப் சார்கிட்ட கீது. நான் ஓரத்துல எழுதிக்கிறேன். எடுத்துக்கினு வரச் சொல்லுங்க.”

“அதெல்லாம் அன்றைக்கே கிழித்துப் போட்டாயிற்று” என்றேன்.

அது என் வீட்டில் அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

“கையெழுத்துப் போட்ட புரூஃப் எங்கம்மா?” என்று முதலாளி அவரைக் கேட்டார். அது அச்சு முடிந்ததும் வழக்கம்போலக் குப்பைக்குப் போயிருந்தது. அன்று மாலைக்குள் அவர் கணக்கு முடித்து அனுப்பப்பட்டார். பள்ளிக்கு வேறு விலங்கு போட்ட சார்ட் போனது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டங்கள் இருக்கிறவனை யார் கேட்பார்கள்?

எஸ்டேட்டில் அச்சகங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருந்தன. டீக்கடை ஒன்றுதான். ஒரு வாரத்துக்குள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: படம் மாத்தி. எந்த அச்சகத்துக்கு வேலை கேட்டுப் போனாலும், “யாரு, அந்தப் படம் மாத்தியா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு அனுப்பினார்கள். இது என் காதுக்கு வந்தது. நான் அந்த அச்சகத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு வருடங்கள் ஓடின. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

போன தேர்தலில் ஓட்டுப் போடப் போனேன். எங்கள் வாக்குச்சாவடி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். முதியவர்களுக்குத் தனி வரிசை என்று என்னை உள்ளே அழைத்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் அந்தச் சார்ட். மிச்சமிருந்த பிரதிகளை முதலாளி சுற்று வட்டாரத்தில் சின்னப் பள்ளிகளுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓரம் கிழிந்து, நிறம் வெளுத்து, நடுவில் அந்தப் புள்ளி விலங்கு தீவின் ராஜாவாக நின்றது. கீழே என் பெயர், என் எல்லாப் பட்டங்களும். எத்தனை பிள்ளைகள் இதைப் பார்த்து எழுதிப் படித்திருக்கும்?

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், “இன்னா நைனா அது, காட்டுப் பூனையா?” என்று தன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

“அங்கதான் எழுதிக்கிதே, ஃபோசாவாம். பெரிய பட்ச்சவரு எழுதினது, கரெக்டாத்தான் இருக்கும்.”

விரலில் மை வைக்க அலுவலர் கூப்பிட்டபோது, திரும்பி அந்தச் சார்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அலுவலர் வயது என்று நினைத்துக்கொண்டு, “மெதுவா தாத்தா” என்றார்.

வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியை இறக்கினேன். மடிப்பு மட்டும் மஞ்சளாகியிருந்தது. பென்சில் எழுத்து அழியவே இல்லை. மறுநாள் எஸ்டேட்டுக்குப் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் கூரியர் கிடங்கு இருந்தது. முதலாளி எப்போதோ இறந்துவிட்டார். பைண்டிங் செய்தவர் மட்டும் அதே தெருவில் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். அவரிடம் விசாரித்தேன்.

“யாரு, படம் மாத்தியா? அது காட்டுப்பாக்கத்துல கடை போட்டுக்கினு சூப்பரா கீது சார். ரோட்டு மேலயே. ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். என் பொண்ணு பத்திரிகைகூட அங்கதான் அடிச்சேன். ஒரு எழுத்து தப்பு இல்ல.”

“தப்பு செய்யாதவரை ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள்?” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பேரு நாங்க வச்சோம் சார். வைக்க வச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்று சிரித்தவர் அவர்தானே. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

காட்டுப்பாக்கம் கடை சின்னதுதான். வாசலில் விநாயகர் ஸ்டிக்கரும் வண்டி நம்பர் பலகைகளும் தொங்கின. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஓர் அச்சு எந்திரம். சுவரில் பெரிதாக ஓர் அறிவிப்பு: “படம், பெயர், தேதி, கிழமை நான்கும் பார்த்துக் கையெழுத்து இடவும். கையெழுத்துத் தாள் கடையில் இருக்கும்.”

அவரைப் பார்த்த உடனே தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்தார். ஒரு வாடிக்கையாளரோடு மும்முரமாக இருந்தார். காதுகுத்துக்குப் பேனர் போட வந்தவர் அவசரப்பட்டார்.

“யக்கா, அதான் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேனே, அடிச்சிக் குடுத்துடு. பேஜார் பண்ணாத.”

“அனுப்பினே. பதினாலாம் தேதி வெள்ளின்னு அனுப்பிக்கிற. காலண்டர்ல பதினாலு வியாழன். உங்க சொந்தக்காரன் பாதி வியாழக்கெழம வந்து பிரியாணி துன்னுட்டுப் பூடுவான், மீதி வெள்ளிக்கெழம வந்து மண்டபம் பூட்டிக் கீறதப் பாத்துட்டு உன்னைத் திட்டுவான். எந்த நாள்னு ஊட்டுல கேட்டுச் சொல்லு.”

அந்த ஆள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் அங்கேயே நின்றேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், வருத்தத்தில் அல்ல. அந்த நிதானம், அந்தக் கண், எதுவும் குறையாமல் அப்படியே இருந்தது. நான் கெடுக்கப் பார்த்தது கெடவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு அடையாளம் கண்டுகொண்டார்.

“சார்.”

“நான் பொய் சொன்னேன். தாளைக் கிழிக்கவில்லை” என்று சொல்லி மேசை மேல் வைத்தேன். மன்னிப்பு என்று தயாரித்து வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வாயில் வரவே இல்லை.

அவர் தாளைப் பிரித்தார். விரலால் தன் கையெழுத்தின் மேல் மெதுவாகத் தடவினார். பிறகு சொன்னது இது:

“‘பெரியதுதானே’ன்னு சேத்து எழுதணும். பிரிச்சி எழுதிக்கிறேன் பாருங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழாதீங்க சார், கஸ்டமர் வருவாங்க.” நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “அன்னிக்கு நீங்க இதை எடுத்துக்கினு வந்திருந்தா எங்கப்பாகிட்ட காட்டியிருப்பேன். என் பொண்ணு கவனமில்லாதவன்னு நெனச்சிக்கினேதான் செத்தாரு. இப்ப இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

அவர் தள்ளிய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“தப்பான சார்ட் இன்னும் சுவரில் தொங்குகிறது. அதையாவது சரி செய்யலாம் என்று நினைத்தேன். பெயரை மட்டும் மாற்றி இரண்டு ஸ்டிக்கர் அடித்துக் கொடுங்கள். ஒவ்வொரு பள்ளியாகப் போய் நானே ஒட்டிவிடுகிறேன்” என்றேன்.

“‘கொடுங்கள்’ன்றீங்க. புதுசா கீது” என்றார். முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. உடனே போனது. “பேர மாத்தினா எப்டி சார் சரியாவும்? நடுவுல பெருசா நிக்கிறது சின்னது. மூலையில சின்னதா கீறது பெருசு. அளவு தப்பு. மொத்தமும் தப்பு. புதுசாத்தான் அடிக்கணும்.”

இப்படித்தான் மறுபடியும் ஒன்றாக வேலை செய்ய ஆரம்பித்தோம். நான் வாசகம் எழுதினேன். அவர் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதி அனுப்பினார். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்விக்கும் புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதினேன். ஒரு சார்ட்டுக்கு இருபத்திரண்டு கேள்விகள். பாதங்கள் முழுவதும் தரையில் படும் என்றால் அது பூனை மாதிரி நடக்காதே, பிறகு ஏன் பூனை போல என்று எழுதினீர்கள்? லெமூர் என்றால் நம்மூர்ப் பிள்ளைக்கு என்ன தெரியும்? இதில் எட்டுக் கேள்விகளில் என் வாசகம்தான் தவறு. என் வகுப்பில் முப்பது வருடத்தில் இப்படிக் கேட்டவர்கள் மூன்று பேர்கூட இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் அவரே போன் செய்தார்.

“சார், நம்மூரு கீரியப் போடணும். கீழ, வேர் மாதிரி. கீரின்னா பிள்ளைங்களுக்குத் தெரியும். கண்ணால பாத்திருக்கும். அதோட சொந்தக்காரன் ஒருத்தன் தீவுல போயிப் புலி வேலை பாக்கிறான்னு சொன்னா, உடனே புரிஞ்சிடும்.”

“மடகாஸ்கர் சார்ட்டில் நம்மூர்க் கீரி எதற்கு?” என்று பழைய பேராசிரியர் ஒரு நொடி எட்டிப் பார்த்தார். உடனே உள்ளே தள்ளினேன். “போடுங்கள்.”

“மரநாயையும் போடலாமா? அதுவும் தூரத்துச் சொந்தம்தான? எங்க ஊட்டுப் பின்னால பனை மரத்துல இருந்திச்சி. நாயின்னு பேரு. பூனை மாதிரி மூஞ்சி. ரெண்டும் இல்ல.”

“போடுங்கள்.”

தலைப்பும் அவருடையதுதான்: “கீரியின் சொந்தக்காரர்கள்”. முப்பது வருடம் பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாத தலைப்பு. இப்போது நடுவில் ஃபோசா நிற்கிறது, சரியான அளவில், மரத்திலிருந்து தலைகீழாக இறங்கிக்கொண்டு. புள்ளி விலங்கு பக்கத்தில், தன் அளவில், தன் பெயரோடு. கீழே கீரி, மரநாய், புனுகுப்பூனை எல்லாம் கோடு கோடாகச் சேர்கின்றன. இதைவிட அழகான சார்ட்டை நான் பார்த்ததில்லை. என் பெயர் இருப்பதால் சொல்லவில்லை. என் பெயர் சின்ன எழுத்தில், பட்டங்கள் இல்லாமல் இருக்கிறது. அதற்கு மேலே அவர் பெயர்: பிழை கண்டவர், வடிவமைத்தவர். கடைசி வரியாக, “இதற்கு முந்தைய சார்ட்டில் விலங்குகளின் பெயர் மாறியிருந்தது எழுதியவரின் தவறு, வடிவமைத்தவர் அதை முன்பே சுட்டிக் காட்டினார்” என்று சேர்க்கச் சொன்னேன். பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

“தலைப்பவிடப் பெருசா வருது சார். பாக்க அசிங்கமா இருக்கும்” என்று சொல்லிச் சின்னதாக்கிவிட்டார்.

கடைசிப் புரூஃபில் நான் கையெழுத்துப் போட்டதும், பழக்க தோஷத்தில் தாளை மடித்துப் பையில் வைக்கப் போனேன்.

“சார்.” கை நீட்டினார். “அது இங்க இருக்கட்டும்.”

கொடுத்தேன்.

ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை என்று பழைய சார்ட் போன பள்ளிகளைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. கண்டுபிடித்த இடங்களில் பழையதை என் கையால் கழற்றி, புதியதை மாட்டினேன். தலைமை ஆசிரியர்கள் காரணம் கேட்டார்கள். கேட்ட இடத்தில் எல்லாம் முழுசாகச் சொன்னேன். ஓட்டுப் போட்ட பள்ளியில் ஆணி உயரத்தில் இருந்தது. நாற்காலி மேல் ஏற என்னை விடவில்லை. அங்கே துப்புரவு செய்யும் அம்மா ஏறி மாட்டிவிட்டு, படித்துப் பார்த்து, “கீரிக்கு இம்மாம் பெரிய சொந்தமா?” என்றார்.

பைண்டிங் கடைக்காரரிடமும் ஒரு சார்ட் கொடுத்தேன். டீக்கடையில் ஒட்டும்படி கேட்டுக்கொண்டேன். ஒட்டினார். ஆனாலும் எஸ்டேட்டில் பழைய ஆட்கள் இன்றும் அவரைப் படம் மாத்தி என்றுதான் சொல்கிறார்கள். நான் வருத்தப்பட்டு அவரிடம் சொன்னபோது, “மரநாயை இன்னும் நாயின்னுதான சார் கூப்பிட்றோம்? அதுக்காக அது குலைக்குதா?” என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் அப்பாவுக்கு அந்தத் தாளைக் காட்ட வழியில்லை. அதை எதுவும் ஈடு செய்யாது. மாதத்தில் இரண்டு மூன்று முறை அந்தக் கடைக்குப் போகிறேன். ஏதாவது பத்திரிகையில் வடமொழிப் பெயருக்கு எழுத்துச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார். நான் அகராதியைப் பார்த்துவிட்டே சொல்வேன்.

போன மாதம் ஓர் ஆள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தகராறு செய்தார். கல்யாண மண்டபத்துக்கு வரவேற்பு வளைவு.

“ஒரு பேனருக்கு இன்னாத்துக்கு அண்ணி கையெழுத்து? நான் இன்னா பத்திரமா பதியறேன்? எனக்குப் படிக்கத் தெரியாதா?”

அந்தப் பெண் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அந்த ஆள் முன்னால் போட்டார். உள்ளே மஞ்சள் மடிப்போடு பழைய புரூஃப். அதோடு சேர்த்து, நான் கையெழுத்துப் போட்ட புதிய புரூஃப்.

“படிக்கத் தெரிஞ்சவங்கதான் அண்ணே மாட்டிக்கிறாங்க. இதப் பாரு. ஒரு புரொஃபசரு. நான் ஓரத்துல எழுதிக் கேட்டேன், பாத்துக்கோன்னு. பாக்கல. அப்பறம் தாளைக் கிழிச்சிப் போட்டுட்டேன்னாரு. தாளு அவராண்டயே இருந்திச்சி.”

அந்த ஆள் ஆர்வமாகக் குனிந்து படித்தார். “பெரியது தானே ஃபோசா… ஏ, நீ கரெக்டா கேட்டுக்கிற அண்ணி! யாரு அந்த புரொஃபசரு? நல்லா இருப்பானா?”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பவில்லை. பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கினேன்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, வளைவின் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.